பெயர் வைக்காத மழை

எங்கள் சந்தில் புயலுக்கெல்லாம் பெயர் உண்டு.
வர்தா என்றால் முறிந்த முருங்கை.
மிக்ஜாம்: நாலு நாள் கரண்ட் இல்லை,
போட் இன்ஜினுக்குள் சேறு.
பெயர் வைக்கப் பழகுமுன் வந்தவற்றை
ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டைகளில் எண்ணிக்கொள்வோம்,
அடைத்த எம்சீலின் நிறம் பார்த்து.

ஆலங்கட்டி ஒரே ஒரு தடவைதான்.
பங்குனி, மதியம் மூன்று.
கூரைமேல் ஜல்லி லாரியைக் கவிழ்த்த சத்தம்,
பத்து நிமிஷம்.
அஞ்சலாட்சி ஒரு கை அள்ளி
வஞ்சிரப் பெட்டியில் ஐஸோடு வைத்து மூடினாள்,
கடலுக்குப் போன தேசப்பனிடம் காட்ட.

ராத்திரி திறந்தபோது
எது ஃபேக்டரியுடையது, எது வானத்துடையது,
அவளுக்கே தெரியவில்லை.

"காசிமேட்டுல ஆலங்கட்டியா?
இன்னாமே கத வுடற!"
இன்றைக்கும் சிரிக்கிறான்.

அவள் பதில் சொல்வதில்லை.
பெட்டி திறக்கும்போதெல்லாம்
ஒரு துண்டு எடுத்துக்
கடித்துப் பார்க்கிறாள்.