கீழ்த்தளத்தில் சவாசனம்

வியாழன் ஏழரைக்கு
எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் பன்னிரண்டு பாய்கள்.
இந்த வாரம்
ஐந்தாம் தூணுக்கு அப்பால்
மஞ்சளும் வெள்ளையுமாய்த் திரை கட்டியிருக்கிறார்கள்.
ஏழாம் மாடி லோ.

வகுப்பை நிறுத்திவிடலாமா என்று
பெக் ஹூன் போய்க் கேட்டுவந்தாள்.
சத்தமில்லாத வகுப்புதானே, நடத்துங்கள்
என்றானாம் மகன்.
சத்தமெல்லாம் அவர்கள் பக்கம்தான்.
மணி. மரமீனைத் தட்டும் டொக் டொக்.
வேர்க்கடலை உடைகிறது.
பிளாஸ்டிக் நாற்காலியை யாரோ
தூக்காமல் இழுக்கிறார்கள்.

என் பெயர் கோமளவல்லி.
பெக் ஹூனுக்கு நான் கோமா.
மூன்று வருடமாகத் திருத்தவில்லை.
பகலெல்லாம் மருந்தகக் கவுண்டரில்
எண் சொல்லி ஆட்களைக் கூப்பிடுகிறவளுக்கு
ஏதோ ஒரு பெயர் சொல்லி
யாராவது கூப்பிட்டால் போதும்.

லோ வீட்டு மூங்கில் கழிகளிலிருந்து
ஆறாம் மாடியில் என் துணிமேல் சொட்டும்.
காய்ந்த பட்டில் ஒருநாள்
நீலச் சாயம் இறங்கியிருந்தது.
நகர மன்றத்துக்கு எழுதினேன்.
பெயர் போடவில்லை.
இரண்டாம் முறையும் எழுதினேன்.
அதன்பின் அவர் கழிகளை வெளியே நீட்டவேயில்லை.

மின்தூக்கியில் ஒருநாள்
"யாரோ என்மேல் புகார் எழுதியிருக்கிறார்கள்,
உனக்குத் தெரியுமா?" என்றார்.
கையில் கோப்பிப் பை ஆடிக்கொண்டிருந்தது.
தெரியாது என்றேன்.
ஆறாம் மாடி வர
அவ்வளவு நேரமாகும் என்று
அன்றைக்குத்தான் அறிந்தேன்.
பதினோரு வருடம்.
கணவரிடம்கூட
மூச்சு விடவில்லை.

மூச்சை உள்ளே இழுங்கள் என்கிறாள் பெக் ஹூன்.
இழுக்கிறேன்.
ஊதுவத்திப் புகையும் சேர்ந்து வருகிறது.
நான்கு எண்ணும்வரை நிறுத்துங்கள்.
ஒன்று இரண்டு மூன்று லோ.
ஆறு எண்ணி விடுங்கள்.
புகை போகிறது. அவர் போகவில்லை.
மனசைக் குளம் என்று சொல்லி வைத்தவர்கள்
அடிச்சேற்றில் காலை வைத்திருப்பார்களா,
தெரியவில்லை.
தெளியத் தெளிய
கிடப்பதெல்லாம் தெரிகிறது எனக்கு.
அமைதிக்காகத்தான் சேர்ந்தேன்,
பத்து வகுப்புக்கு முப்பது வெள்ளி கட்டி.

"சவாசனா" என்கிறாள்.
கடைசி எழுத்தை
மேலே தூக்கிப் பாடுவதுபோல் சொல்வாள்.
பன்னிரண்டு பேரில்
அந்தச் சொல்லுக்குள் யார் படுத்திருக்கிறார் என்று
தெரிந்தவள் நான் ஒருத்தி.
மடாம் சலாமா படுக்கிறார்.
ஜஸ்டின் கண்ணாடியைக் கழற்றிவைத்துப் படுக்கிறான்.
உள்ளங்கைகள் மேலே பார்க்க,
பாதங்கள் இருபுறமும் சாய,
நானும்.
பாயின் கீழே சிமெண்டுத் தரை குளிர்கிறது.
பந்து விளையாடத் தடை என்ற பலகையை
ஒரு பல்லி கடக்கிறது.

தூணுக்கு இந்தப் பக்கம்
மூக்கு அரிக்கிறது, இடுப்பு வலிக்கிறது,
யாருக்கோ வயிறு கூவுகிறது.
அந்தப் பக்கம் ஒருவர் மட்டும்
பிசகில்லாமல் செய்துகொண்டிருக்கிறார்.

சிரிப்பு வந்தது.
சிரிப்பென்றுதான் நினைத்தேன்.
காதுக்குள் ஈரம் இறங்கியபோது
மரமீனின் ஒலியும் என் மார்பும்
ஒரே தாளத்தில் போய்க்கொண்டிருந்தன.
எண்ண மறந்திருந்தேன்.
நான்கா ஆறா,
உள்ளா வெளியா,
யார் விட்ட மூச்சு யாருடையது,
ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.
கொஞ்ச நேரம்தான்.
ஜஸ்டின் தும்மினான்.

பாயைச் சுருட்டிக்கொண்டு
திரைக்கு அந்தப் பக்கம் போனேன்.
மகன் எழுந்து நின்றான்.
"கீழ் வீடு" என்றேன்.
மீதியைச் சொல்லத்தான் போயிருந்தேன்.
அவன் சிவப்பு நூலும்
இரண்டு மிட்டாயும் தந்து,
படி ஏறி வந்தவளைப்போல எனக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்து,
நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டான்.
உட்கார்ந்தேன்.
மிட்டாய் கரையும்வரை.

சனிக்கிழமை காலை
ஏழாம் மாடியில் கழிகள் வெளியே வந்திருந்தன.
துக்க வீட்டு வெள்ளை டீ-சட்டைகள்,
பிழியத் தெரியாத யாரோ பிழிந்தவை.
என் துணிகளை உள்ளே இழுக்கப் போன கை
அங்கேயே நின்றது.
சொட்டு.
கொஞ்சம் பொறுத்து
இன்னொன்று.