ஒன்பதாம் எண்

நேரு வீதிக் கடையில் மூன்று பட்டைகள்.
ஒன்று அரைக் கிலோமீட்டர் எட்டுமாம்.
ஒன்று நனைந்தாலும் வேலை செய்யும்,
பாகூர் ஏரிக்கு இதுதான் சார் என்றான் பையன்.
மூன்றாவது அதிரும், கூவும், ஷாக் அடிக்காது.
விலை அதிகம். ஏனென்று அவனுக்கும் தெரியவில்லை.

மிரேய் துலூஸிலிருந்து
என் பென்ஷனோடு வந்தவள்.
கவுதாரி வாடை பட்டால்
முன்னங்கால் ஒன்றைத் தூக்கிக்
கல்லாய் நிற்கப் பழகியவள்.
இங்கே துப்பாக்கி இல்லை, சட்டமும் விடாது.
நின்று நின்று பார்க்கிறாள்
வெடிச் சத்தம் வருமென்று.
வராமல் போக
தானே பாய்கிறாள்
நாமக்கோழிகள் நடுவே.

இரண்டாவதை என் மணிக்கட்டில் கட்டச் சொன்னேன்.
ஒன்றில் எறும்பு.
நான்கில், ஈரக் கையால் தொட்ட சுவிட்ச்.
ஒன்பதில் கை தானாக உதறியது,
பேனா ஸ்டாண்டு கவிழ்ந்தது.
நூறு வரைக்கும் இருக்கு சார்.

மூன்றாவதை வாங்கினேன்.
இன்னும் சார்ஜ் ஏற்றவில்லை.

இன்று விடியலில் ஏரிக்கரையில்
அவள் கால் தூக்கி நின்றபோது
யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு
'டுப்' என்றேன், வாயால்.
பறவைகள் அசையவில்லை.
அவள் மட்டும் நேராகக் கோரைக்குள் போய்
வெகுநேரம் தேடி
ஒற்றை ரப்பர் செருப்பைக் கவ்வி வந்து
பல் படாமல்
என் முன்னே வைத்தாள்.