கைப்பையில் ஒரு படை

நாளை பீளமேட்டில் விமானம்.
இப்போது ராத்திரி பதினொன்றரை.
திருப்பூரில், மாடி வீட்டுச் சமையல் மேடையில்
நூற்றுப் பதினெட்டுப் பேரைத் தூங்க வைக்கிறேன்.

டப்பாவின் அடியில் தகரம்,
ஒவ்வொருவன் பாதத்திலும் மிளகளவு காந்தம்.
கவிழ்த்துக் குலுக்கினேன்.
குதிரைக்காரர்கள் தலைகீழாகவும் போருக்கு நின்றார்கள்.
யானை விழுந்தது.

ஏற்றுமதிக்குத் தேறாத பனியன் துணி
ஒரு கிலோ கொண்டுவந்திருந்தான் லோகு.
ஆறு மாசக் குழந்தைக்கு வெட்டிய கைத்துண்டில்
யானையை நுழைத்தோம்.
துதிக்கை மட்டும் வெளியே.

"சரக்குல போட்றாதீங்ணா.
பொட்டிய வீசறவனுக்கு
உள்ள ராஜா இருக்கறது தெரியுங்களா?"

ஆகவே கைப்பை.
பசை கூட வராது, கத்தி வராது.
உடைந்தவன் உடைந்தபடியே சண்டை போட வேண்டியதுதான்.

சோதனைத் திரையில் என் படை
ராகியில் கிடக்கும் கல்லாகத் தெரிந்தது.
திறக்கச் சொன்னார்.
ஒரு வேல்காரனை நகத்தால் நெம்பி எடுத்து
வேல் நுனியைக் கட்டைவிரலில் குத்திப் பார்த்தார்.
பின்னால் வரிசை செருமியது.

"எதிரி யாரு?"
"ஜூரோங்கில் ஒரு பல் டாக்டர் சார்."

சிரிக்கவில்லை.
வேல்காரனைத் திருப்பி வைத்தார்,
வில்லாளிகள் நடுவில்.
மாற்றி வைக்கச் சொல்ல வாய் வரவில்லை.

நொய்யல் சாயக் கோடாய்ச் சுருங்கும்போது
இருக்கைக்கு அடியில்
டிக் என்று ஒரு சத்தம்.

யாரோ ஒருவன் தகரத்தை விட்டுவிட்டான்.
சிங்கப்பூர் வரை
எல்லோர் பெயரையும் சந்தேகப்பட்டுக்கொண்டே போனேன்.