உடுக்குறி

கோத்தகிரியில் கரண்ட் போன இரவு.
மெழுகு ஒழுகி அகராதிச் சீட்டில் விழுந்தது.
க்வெமனன்: வருதல்.
முன்னால் ஓர் உடுக்குறி.
காதால் கேட்டவர் எவருமில்லை என்று பொருள்.
பிள்ளைகளின் ஜாடையை வைத்து
யாரோ வரைந்த முகம்.

பிள்ளைகள்:
ஆங்கிலத்தில் கம், ஜெர்மனில் கொம்மன்.
இரண்டுக்கும் முன்னால் ஒரு ‘பி’ முளைத்தது.
அங்கே அது ஆகுதல், இங்கே பெறுதல்.
பாகம் பிரித்தபின் பேச்சுவார்த்தை இல்லை.
நம் கோயில் ஆகமம்கூட
தூரத்துச் சொந்தம்தானாம்.

கீழ்வீட்டு ஹாலன்
இருட்டில் எருமையைக் கூப்பிடுகிறான்: “பா, பா.”
அது வேறு குடும்பம்,
நம் ‘வா’வின் குடும்பம்.
அதன் தலைவாசலிலும் ஓர் உடுக்குறி எரிகிறது.

பொருள்களை எண்ணிப் பார்க்கிறேன்.
நெருங்குதல். நேர்தல். விளைதல்.
எந்தச் சீட்டிலும் இல்லை
மாசி மாதம், மேட்டுப்பாளையம் பஸ்ஸின் படியில்
ஒரு கால் வைத்துக்கொண்டு
நீ சொன்னது.

“வரேன்.”

புதுச் சீட்டு எடுத்து எழுதினேன்:
வா, வினை. விட்டுப் போதல்.
உடுக்குறி போடப் போன பேனா
நின்றுவிட்டது.
இதைக் கேட்ட காது இருக்கிறதே.

எருமை வந்துவிட்டது போல.
கீழே கதவடைக்கும் சத்தம்.