முகவரி கேட்காத இயந்திரம்

வீட்டு முகவரி பதிந்த தாள் இருந்தால்தான் வங்கிக் கணக்கு.
வங்கிக் கணக்கு இருந்தால்தான் வீடு.
கெம்னிட்ஸ் நகரில் முதல் பதினொரு நாள்
இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே
யாரோ ஒருவரின் சோபாவில் படுத்திருந்தேன்.

பணம் இல்லாமல் இல்லை.
ஓராண்டுச் செலவு மொத்தமும்
விசாவுக்காக முன்பே கட்டி
என் பெயரிலேயே பூட்டிக் கிடந்தது.
மாதம் ஒரு முறை, முதல் தேதி,
பரோலில் வருவதுபோல் கொஞ்சம் வெளியே வரும்.
வாடகையைப் பார்த்துவிட்டு
அப்படியே போய்விடும்.

அனுப்பியபோதே கழிந்தது வேறு.
அந்தப் பக்க வங்கி, இந்தப் பக்க வங்கி,
நடுவில் முகம் தெரியாத மூன்றாவது ஒன்று.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்
என்பதை கவுண்டரில் இருந்த வுட்கேயிடம்
ஜெர்மனில் சொல்லிப் பார்த்தேன்.
சுண்டைக்காய்க்கு வார்த்தை கிடைக்கவில்லை.
"கசக்கிற சின்னப் பட்டாணி" என்றேன்.
அவர் ஆழ்ந்து யோசித்து
ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார்.

எதிர் அறை ரீம் ஷிதியாக்.
பெய்ரூட்டிலிருந்து கட்டடப் பொறியியல் படிக்க வந்தவள்.
ஓர் இரவு சமையலறையில்
தன் அப்பாவின் வங்கி இருப்பைக் கைபேசியில் காட்டினாள்.
பெரிய தொகை. விசிலடித்துவிட்டேன்.
"அழகாக இருக்கிறதல்லவா?
நான்கு வருஷமாக இதே அழகுதான்."
வங்கி திறந்திருக்கிறது.
மேலாளர் வணக்கம் சொல்கிறார்.
கையெழுத்தும் ஒத்துப்போகிறது.
பணம் மட்டும் வருவதில்லை.

என் பூட்டுக்கு ஒரு தேதி உண்டு.
அவர்கள் பூட்டில்
சாவி நுழைய ஓட்டையே இல்லை.

சொல்லிவிட்டு வெங்காயத்தை
மிக மெல்லியதாக நறுக்கத் தொடங்கினாள்.
ஒரு வெங்காயம், இரண்டு பேர், இரண்டு வேளை.

நவம்பரில் அறுபது யூரோ கேட்டாள்.
சரியாகச் சொன்னால், கேட்கவில்லை.
பருவக் கட்டணக் கடிதத்தை
என் தட்டுக்கும் அவள் தட்டுக்கும் நடுவே வைத்துவிட்டு
உப்பைத் தேடினாள்.
உப்பு அவள் கையருகில்தான் இருந்தது.

அறுபதை ரூபாயில் பெருக்கினேன்.
பெருக்காதே, பெருக்கினால் காபி கூட இறங்காது என்று
வந்த அன்றே எச்சரித்திருந்தார்கள்.
பெருக்கினேன். கொடுத்தேன்.
இரவு என் செலவு நோட்டில்
'வராக் கடன்' என்று எழுதி
அடியில் கோடும் போட்டேன்.
வங்கிகளிடம் படித்த சொல்.

அதன்பின் ஒரு சனிக்கிழமை,
கால்பந்து ஆட்டம் கலைந்த நேரம்,
ரயில் நிலையத்து வாசலில் அவளைக் கண்டேன்.
நீல நிறப் பெரிய பை.
குப்பைத் தொட்டிக்குள் தோள்வரை கை.
ஆலங்கட்டியும் மழையும் கலந்து பெய்துகொண்டிருந்தது.
நான் பார்க்காதவன்போல
பக்கத்துத் தெருவில் திரும்பி நடந்தேன்.
அதை நோட்டில் எழுதவில்லை.

சூப்பர் மார்க்கெட்டின் பின்சுவரில்
காலிப் புட்டி வாங்கும் இயந்திரம் ஒன்று.
வட்ட வாயில் புட்டியை வைத்தால்
சுழற்றிப் பார்த்து உள்ளே இழுக்கும்.
புட்டிக்கு இருபத்தைந்து சென்ட்.
கடவுச்சீட்டு கேட்காது.
எந்த நாடு, எந்த வங்கி, அப்பா என்ன செய்கிறார்,
எதுவும் கேட்காது.

பிப்ரவரியில் கதவைத் தட்டி
ஓர் உறையை நீட்டினாள்.
நோட்டும் சில்லறையுமாக ஐம்பத்தொன்பது யூரோ, எழுபத்தைந்து சென்ட்.
கூடவே ஒரு நசுங்கிய புட்டி.

"இருநூற்று நாற்பது பொறுக்கினேன்.
இதை மட்டும் அது துப்பிவிட்டது.
கால் யூரோ பாக்கி."

என்னால் அவளை நேராகப் பார்க்க முடியவில்லை.
எண்ணிப் பார் என்றாள். எண்ணினேன்,
பாதியில் தவறி, மறுபடி முதலிலிருந்து.

புட்டி என் ஜன்னலில் நிற்கிறது.
'வராக் கடன்' என்பதை அடித்தாயிற்று.
அந்த இடத்தில் என்ன எழுதுவதென்று
இன்னும் தெரியவில்லை.
மாடிப்படியில் எதிர்ப்படும்போதெல்லாம்
"கால் யூரோ" என்கிறாள்.
"படிவம் நிரப்பிக் கொடு" என்கிறேன்.