சதுரத்துக்கு ஓர் அம்பு

சங்கத்துக் கணக்குக் கொப்பியில்
போனைச் சாய்த்து வைத்திருக்கிறேன்.
தீவு முழுதும் அம்புகள்.
தென்மேற்கே புகுந்தவை மலையில் முட்டிப் பிரிந்து
ஒரு கூட்டம் மன்னார்க் கடலில் விழுந்தடித்து ஓட,
இந்தப் பக்கம் வருவது
காடெல்லாம் கடந்து களைத்த சோளகம்,
பாலைமரத்து வெக்கையும் செம்மண் தூசும் சுமந்து.

அளம்பில், செம்மலை, நாயாற்றுப் பாலம்,
ஆமிக்காரரின் தென்னந்தோட்டம்
எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சதுரம்.
ஒரே ஓர் அம்பு.
அதுவும் வெளிர்நீலம்: காற்று இல்லையாம்.
வாசலில் கட்டிய யூரியாப் பை
கடலைப் பார்த்துப் படபடக்கிறது.

சோளகம் எங்கள் கடலைச்
சேலைபோல மினுக்கி விரித்து வைக்கும்.
அதை நம்பித்தான் போவார்கள்.
தள்ளுகிற கை முதுகுக்குப் பின்னால்.
தள்ளுவது தெரியாது.

பதினொன்றரைக்கு றெஜினோல்ட் கோல் எடுத்தான்.
எஞ்சின் இறுகிவிட்டதாம்.
"கரை தெரியுதா?"
"பனையின்ரை தலை மட்டும்."
"எத்தனை பாகம்?"
"பதினாலு."
"கல்லைப் போடு. கயிறு காணாட்டி வலைக்கயிற்றை முடி.
ரண்டரை மட்டும் ஒண்டும் செய்யாதை.
பிறகு அந்தத் தறப்பாளை..."
லைன் அறுந்தது.

புரட்டாதிச் சோளகத்துக்கு
மதியம் தாண்டினால் மூச்சு வாங்கும்.
மணல் கொதித்துக் கொதித்து
கடலைக் கூப்பிடும்.
இதை எந்த அம்பும் எனக்குச் சொன்னதில்லை.
ஏழு வருட மண்ணெண்ணெய்ச் சிட்டைகள் சொல்லின:
எவன், எத்தனை மணிக்கு,
எத்தனை லீற்றர் மிச்சத்தோடு கரையேறினான் என்று.

ஒன்று ஐம்பது. பை படபடக்கிறது.
இரண்டு இருபது. பை படபடக்கிறது.
அவன் மனைவி ஜெசிந்தா
கதிரையைப் பிடித்தபடி நிற்கிறாள், இருக்கவில்லை.
இரண்டு நாற்பதுக்குப்
பை தொங்கிற்று.
ஒரு முழு நிமிடம்
யாருடையதுமல்லாத காற்று.
பிறகு அது திரும்பிக் கதவில் அறைந்தது.
மேசையிலிருந்த சிட்டைகள் எல்லாம்
காட்டுப் பக்கமாய்ப் பறந்தன.
நாங்கள் பொறுக்கவில்லை.

ஆறு மணிக்குக் கிழக்கே ஒரு நீலம்.
சவளில் கட்டிய தறப்பாள்.
ஒரு காலத்தில் யாருக்கோ கூரையாய் இருந்தது,
எழுத்துகள் இன்னும் முழுக்க அழியவில்லை.
வயிறு புடைத்து வந்தது.

அம்பு அப்போதும் வெளிர்நீலம்.
கொப்பியில் எழுதினேன்:
றெஜினோல்ட். மாலை 6.10. மீன் இல்லை.
எண்ணெய் மிச்சம் பதினெட்டு லீற்றர்.