வரவு

சனிக்கிழமை, பதினொன்றரை இருக்கும்.
மோல்மேனில் மழை விட்டபாடில்லை.
குடையில்லாமல் ஓடிவந்தான் மாசிலாமணி,
ஆறு வருடமாய் என் கடைப்பக்கம்
நிழலைக்கூட அனுப்பாதவன்.
சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பை.
எழுபத்தைந்து கியாட் நாற்பத்திரண்டு,
முப்பத்தைந்து கியாட் முப்பது.
"அசலும் வட்டியும் அண்ணே, எண்ணிக்கோங்க."

எண்ணினேன்,
எச்சில் தொட்டு, இரண்டு தரம்.
பேரேட்டில் அவன் பக்கத்தைத் தேடி
'வரவு. முழுவதும் தீர்ந்தது' என்று எழுதிக்
கையெழுத்தும் போட்டேன்.
காப்பி குடித்துவிட்டுப் போடா என்றேன்.
நிற்கவில்லை.
மனம் திரும்பிவிட்டான் என்று
ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

என் ரேடியோவுக்குப் பேட்டரி தீர்ந்து ஒரு வாரம்.
எதிர்க்கடைச் சீனர்தான் வந்து சொன்னார்:
இருபத்தைந்து, முப்பத்தைந்து, எழுபத்தைந்து,
இன்றிலிருந்து மூன்றும் வெறும் காகிதம்.

அரிசிப் பானைக்குள் பிஸ்கட் டின்.
பூச்சி அரிக்காமல் ரசகற்பூர உருண்டை போட்டிருந்தேன்.
துரு ஏறாமல் எண்ணெய் தடவியிருந்தேன்.
திருடனுக்குப் பயந்து நாய் வளர்த்தேன்.
காலைச் செய்தி ஒன்று
கதவைத் தட்டாமல், நாய் குரைக்காமல் வந்து
டின்னை அப்படியே வைத்துவிட்டுப்
பணத்தை மட்டும் எடுத்துப்போனது.

ஞாயிறு.
காணிக்கைப் பை கனத்துத் திரும்பியது.
ஒற்றைக் கியாட்டுக்கே விரல் நடுங்குகிறவர்கள்
எழுபத்தைந்துகளாய்ப் போட்டிருந்தார்கள்,
கர்த்தரிடம் மட்டும் ரேடியோ இல்லாததுபோல.
சபைப் பொருளாளர் நானும் ஒன்று போட்டேன்.
ஒளிப்பானேன்.

எழுந்து நின்று ஜெபம் சொன்னோம்,
நூற்றுக்கு ஐந்து மாத வட்டியோடு
இருபத்தேழு வருடம் நான் சொல்லிவந்த ஜெபம்.
'கடனாளிகள்' வந்ததும் வாய் நின்றுவிட்டது.
இரண்டு பெஞ்சு முன்னால் அவன் பிடரி,
ஈரம் காயாத காலர்.
அவன் தாடையும் அசையவில்லை.

செல்லாத காசை என் தலையில் கட்டினான்.
சரி.
சீனர் எனக்கு முதலில் சொல்லியிருந்தால்?
முதோன் மரக்காரருக்கு
நான் தரவேண்டிய ஆயிரத்து ஐந்நூறு
அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது.
ஓடியிருப்பேன்.
நானும் குடை எடுத்திருக்க மாட்டேன்.

ராத்திரி பேரேட்டைத் திறந்தேன்.
சிவப்பு மையும் எடுத்து வைத்தேன்.
'தீர்ந்தது' என்பதை அடித்தால்
கணக்கு நேராகும்,
கேட்டவர்களும் நியாயம்தான் என்பார்கள்.

அடிக்கவில்லை.
அன்பினால் என்று சொல்ல மாட்டேன்.
அடித்துவிட்டு அடுத்த ஞாயிறு
அந்த ஒரு சொல்லை
எப்படித் தாண்டுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.
இந்த ஞாயிறே தாண்டவில்லை.

உள்ளேயிருந்து கிரேனாப்பு குரல் கொடுத்தாள்:
"விளக்கை அணைங்க.
மண்ணெண்ணெய் என்ன விலை விக்குது,
எந்த நோட்டைக் கொடுத்து வாங்கறது?"